மாடிக்கு ஏறிய வயர்

ஜூன் 4

மாடியில் குடியிருப்பவருக்கு,

கீழ்வீட்டுக்காரன் எழுதுவது. "வாயைத் திறந்தா சண்டை போடுறீங்க, எழுதித் தொலைங்கடா" என்று நம் அக்கா போட்ட உத்தரவுப்படி எழுதுகிறேன். கடிதத்தைப் படிக்கட்டுத் திருப்பத்தில், கைப்பிடிக் கம்பியில், துணி காயப்போடும் கிளிப்பால் மாட்டியிருக்கிறேன். பதிலையும் அங்கேயே மாட்டினால் போதும். கதவைத் தட்ட வேண்டாம்.

விஷயம் இதுதான். இன்று இணையம் வேலை செய்யவில்லை என்று சொல்லி ஆளை வரவழைத்தேன். படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் அலமாரியைத் திறந்து வைஃபை பெட்டியைப் பார்த்தவர், "என்ன சார், மேல போற நெட் வயர்ல யாரோ கரண்ட்டை ஏத்தி விட்டிருக்காங்க?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. குனிந்து பார்த்தால், வைஃபை பெட்டிக்கும் மாடிக்குப் போகும் வயருக்கும் நடுவில் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்பு டப்பா. அதற்கு ஒரு அடாப்டர். அந்த அடாப்டர் சொருகியிருப்பது என் பிளக்கில்.

வீட்டைப் பிரித்தபோது இணையம் மட்டும்தான் பொது என்று பேசினோம். அலமாரிக்கு இரண்டு பேரிடமும் சாவி இருக்கலாம், ஆனால் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மின்சாரம் போகக்கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். நெட் வயருக்குள் மின்சாரத்தை ஒளித்துக் கொண்டுபோவது எந்த ஊர் நியாயம்? ஆயுசு முழுக்கக் கிடங்கு மேற்பார்வையாளராக இருந்தவன் நான். மூட்டைக்குள் மூட்டை வைத்துக் கடத்தியவர்களையெல்லாம் பார்த்தவன். என்னிடமேயா?

அது தீப்பிடிக்குமா என்பதையும் தெரிவிக்கவும். எங்கள் கிடங்கு எரிந்தது ஒரு சின்ன வயரால்தான். அன்றிலிருந்து படுக்கப் போகுமுன் சுவிட்சுகளை அணைக்காமல் நான் படுத்ததில்லை. அலமாரிப் பிளக்கின் சுவிட்ச் என் கூடத்துச் சுவரில் இருக்கிறது. இரவு பத்துக்கு அணைப்பேன், காலை எழுந்ததும் போடுவேன். இது உங்களுக்காக மாறாது.

இப்படிக்கு,
கீழ்வீட்டுக்காரன்


ஜூன் 5

கீழ்வீட்டுக்காரருக்கு,

டப்பா என்னுடையதுதான். கேட்காமல் வைத்தது தப்பு. கேட்டிருந்தால் நீங்கள் கொடுத்திருக்க மாட்டீர்கள் என்பதும் நிஜம்.

தீப்பிடிக்காது. அந்த வயருக்குள் எட்டுக் கம்பிகள் இருக்கின்றன, இரண்டிரண்டாக முறுக்கிவிட்டிருப்பார்கள். நம் வீட்டு இணையத்துக்கு அதில் நான்குதான் தேவை. நீல ஜோடியும் பழுப்பு ஜோடியும் சும்மா கிடக்கின்றன. அந்த இரண்டு ஜோடியில்தான் நான் மின்சாரம் அனுப்புகிறேன். தொட்டாலும் ஷாக் அடிக்காத அளவுதான்.

மாடி ஜன்னலில் ஒரு சின்ன சாதனம் செய்து வைத்திருக்கிறேன். மொட்டை மாடியில் எவ்வளவு வெயில், காற்றில் எவ்வளவு ஈரம் என்று ஒரு திரையில் காட்டும். பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு, சாதனத்துக்கு உயிர் இருக்கிறது என்பதற்கு அடையாளம். நாள் முழுக்க அடுத்தவர் லிஃப்டைப் பழுது பார்த்துவிட்டு வந்தால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். முதலில் போன் சார்ஜரில் வருகிற ஐந்து வோல்ட்டை அப்படியே அனுப்பினேன். வயர் மெல்லிசு, சுற்றிச் சுற்றி வருவதால் தூரமும் அதிகம். வழியிலேயே பாதி கரைந்துவிட்டது. சாதனம் கண் விழிக்கும். ஒரு செய்தி அனுப்பலாம் என்று வாயைத் திறந்ததும் மயங்கி விழும். மறுபடி எழுந்திருக்கும், மறுபடி விழும். ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். இப்போது கீழிருந்து இருபத்து நான்கு வோல்ட்டாக அனுப்பி, மேலே வந்ததும் ஐந்தாகக் குறைத்துக்கொள்கிறேன். நன்றாக ஓடுகிறது.

பத்து மணிக்கு அணைப்பேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ராத்திரி டியூட்டி இருந்த வாரத்தில் நான் வீட்டுக்கு வந்து படியேறிய பிறகும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கிடங்கு ஒழுங்கு எங்கே போயிற்று?

இப்படிக்கு,
மாடிக்காரன்


ஜூன் 9

மாடிக்காரருக்கு,

செய்தி பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். நான் எப்போது தூங்கினால் உங்களுக்கு என்ன?

எட்டுக் கம்பியில் நான்கு வேலை பார்க்கிறது, நான்கு சும்மா கிடக்கிறது என்று படித்ததும் நம் குடும்பம்தான் ஞாபகம் வந்தது. போகட்டும்.

எனக்கு ஒன்று விளங்கவில்லை. உங்கள் வீட்டில் மின்சாரம் இல்லையா? மாடி கட்டும்போது ஒவ்வொரு சுவரிலும் பிளக் பாயிண்ட் வைக்கச் சொல்லி மேஸ்திரியோடு மல்லுக்கட்டியவன் நான். அந்த ஜன்னலுக்குக் கீழேயே ஒன்று இருக்கிறது. கையை நீட்டினால் எட்டும். அதை விட்டுவிட்டு, என் பிளக்கிலிருந்து, வோல்ட்டு கரைந்து, மயங்கி விழுந்து, ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டு எதற்கு? வீட்டில் தண்ணீரை வைத்துக்கொண்டு பக்கத்துத் தெருக் கிணற்றுக்குப் போகிற கதையாக இருக்கிறது.

டப்பா இருந்துவிட்டுப் போகட்டும், எடுக்கச் சொல்லவில்லை. ஆனால் ஒன்று சொல்வேன். ஊரையெல்லாம் மேலேயும் கீழேயும் ஏற்றி இறக்குகிறவருக்குத் தன் வீட்டுப் படி இறங்கி வந்து, "இங்க ஒரு டப்பா வெச்சுக்கட்டுமா?" என்று கேட்கத் தெரியவில்லை. துணிக் கிளிப்புக்கே நம் இரண்டு பேரையும் பார்த்தால் சிரிப்பு வரும்.

கீழ்வீட்டுக்காரன்


ஜூன் 12

கீழ்வீட்டுக்காரருக்கு,

அந்த பிளக் பாயிண்டில் ஃபேன் இருக்கிறது. வேறு காரணம் இல்லை.

படி இறங்கி வருவதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அக்கா மகள் கல்யாணத்தில், பந்தியில், அத்தனை பேர் முன்னால், "இவனுக்கு சால்டரிங் அயர்ன் போதும், பொண்டாட்டி எதுக்கு? அதான் அவ பொட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டா" என்று சொன்னது யார்? பக்கத்து இலைக்காரர் சிரித்துப் புரையேறித் தண்ணீர் கேட்டார். அவர் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. அன்றைக்கு அவள் போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

நான் திருப்பிச் சொன்னதும் சின்னப் பேச்சு இல்லை. "உன் பையன் வேலைக்காக வெளிநாடு போகல, உன் சத்தம் கேக்காத தூரம் போயிருக்கான்" என்றேன். அதைச் சொன்னதும் உங்கள் கை சாப்பாட்டிலேயே நின்றுவிட்டது. அண்ணி இருந்திருந்தால் எனக்கு ஓர் அறை விழுந்திருக்கும்.

அதனால் படி இறங்க முடியவில்லை. டப்பாவை விட்டுவைத்ததற்கு நன்றி.

மாடிக்காரன்


ஜூலை 2

மாடிக்காரருக்கு,

நல்ல செய்தி. உட்கார்ந்து படிக்கவும்.

நேற்று ராத்திரி கூடத்து ஜன்னல் வழியாகச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக் கண்ணாடியில் உன் பச்சை விளக்கு தெரிந்தது. இத்தனை நாள் கவனித்ததில்லை. நான் சுவிட்சை அணைத்தேன். கண்ணாடியில் அதுவும் அணைந்தது. எனக்கு மனசு என்னவோ போல் ஆகிவிட்டது. ஒருத்தன் ஆசையாக ஒரு பொருளைச் செய்து வைத்திருக்கிறான். அதன் கழுத்தை நான் ராத்திரிதோறும் திருகிவிட்டுத்தான் படுக்கப் போகிறேன். நீயும் அணைக்காதீர்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

இன்று காலை கடைவீதிக்குப் போய் ஒரு பேட்டரி வாங்கி வந்தேன். வைஃபை பெட்டி, உன் டப்பா எல்லாவற்றையும் தாங்கும். கடைக்காரர் சின்னதைத்தான் காட்டினார். "பெருசா குடுங்க, ராத்திரி பூரா நிக்கணும், அதுக்கு மேலயும் நிக்கணும்" என்று சொல்லிப் பெரிதாக வாங்கினேன். அலமாரியில் நானே மாட்டிவிட்டேன். இனி நான் என் வழக்கப்படி சுவிட்சை அணைத்துக்கொள்வேன், உன் விளக்கு அதுபாட்டுக்கு எரியும். இன்று ராத்திரி பார்.

முழங்காலைக் கையால் பிடித்துக்கொண்டுதான் அலமாரிக்கு அடியிலிருந்து எழுந்தேன். ஆனாலும் மனசுக்குச் சந்தோஷமாக இருந்தது. ரொம்ப நாளாக யாருக்கும் ஒன்றும் வாங்கவில்லை. பையனுக்கு வாங்கினாலும், "இங்கயே கிடைக்கும்பா" என்கிறான்.

நீ என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தவில்லை.

கீழ்வீட்டுக்காரன்


ஜூலை 3

கீழே,

பேட்டரி வேண்டாம். தயவுசெய்து எடுத்துவிடுங்கள். முன்பு இருந்தது போலவே இருக்கட்டும். ராத்திரி அணையட்டும், காலையில் எரியட்டும். அதுதான் சரி.

சாதனத்துக்கு ஓய்வு வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோபத்தில் எழுதவில்லை.

மாடிக்காரன்


ஜூலை 4

மாடிக்காரருக்கு,

நல்லதுக்குக் காலம் இல்லை. தகரத்துக்கும் ஒரு பச்சை விளக்குக்கும் ஓய்வு வேண்டும் என்று முதன்முதலாகக் கேள்விப்படுகிறேன். என் கையால் வந்தது வேண்டாம் என்று நேராக எழுதியிருக்கலாம்.

பேட்டரியை எடுக்க மாட்டேன். நான் வாங்கியது, என் அலமாரி, என் பிளக். நீங்களே போய்க் கழற்றிவிடுவீர்கள் என்று தெரியும், அதனால் பூட்டை மாற்றிவிட்டேன். இணையம் வந்துகொண்டுதான் இருக்கும், உங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

இனி அவசரம் இருந்தால் ஒழிய எழுத வேண்டாம்.

கீழ்வீட்டுக்காரன்


ஜூலை 8

கீழ்வீட்டுக்காரருக்கு,

போன கடிதத்தைக் கிழித்துவிடுங்கள். அது நான் எழுத நினைத்தது இல்லை. பேட்டரியைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் இல்லை என்று நினைக்காதீர்கள். ராத்திரி எழுந்து தண்ணீர் குடிக்கும்போது விளக்கு எரிவதைப் பார்த்தேன், நீங்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்ததுதான் கண்ணுக்குள் வந்தது.

ஆனால் அது இருக்கக் கூடாது. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை. புதுப் பூட்டுச் சாவியை ஒரு நாள் கொடுங்கள். இல்லை, நீங்களே கழற்றுங்கள். காரணத்தை அப்புறம் சொல்கிறேன்.

மாடிக்காரன்

(இந்தக் கடிதம் நான்கு நாளாகக் கிளிப்பிலேயே இருக்கிறது. நீங்கள் எடுக்கவில்லை. மழையில் நனைகிறது என்று இன்று கதவுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.)


ஆகஸ்ட் 21
அக்கா வீடு

தம்பிக்கு,

இது தபாலில் வருகிறது. இனிமேல் துணிக் கிளிப் தேவைப்படாது.

ஆஸ்பத்திரியில் நீ தினமும் வந்தாய், நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். "அவன் நாள் பூரா வராண்டாவுலயே உக்காந்திருக்கான்டா, ஒரு வார்த்தை பேசேன்" என்று அக்கா திட்டினாள். இடுப்பில் தகடு வைத்துத் தைத்திருக்கிறார்கள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போய் வருகிறேன். மூக்குக்கண்ணாடி அன்றைக்கே உடைந்துபோனது. அக்காவின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன், அதனால்தான் எழுத்து இவ்வளவு பெரிதாக இருக்கிறது.

இதை எழுதித்தான் ஆக வேண்டும். அன்று விடியற்காலை குளியலறையில் வழுக்கி விழுந்தேன். வாசலுக்கும் எனக்கும் நடுவில் ஒரு சுவர்தான். எழுந்திருக்க முடியவில்லை. கத்திப் பார்த்தேன், தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. சரி, இன்னும் கொஞ்ச நேரத்தில் இவன் வேலைக்குக் கிளம்புவான், அப்போது கத்தலாம் என்று பலத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு கிடந்தேன்.

நீ இறங்கி வந்தாய். உன் பூட்ஸ் சத்தம் எனக்குத் தெரியாதா? என் கதவுக்கு முன்னால் நின்றாய். நின்றது எனக்குக் கேட்டது. பேப்பர்காரர் போட்ட பேப்பர் அங்கேயே கிடந்திருக்கும், பால் பாக்கெட்டும் கிடந்திருக்கும். நான் உன்னைக் கூப்பிட்டேன். சத்தம் வந்ததோ வரவில்லையோ. நீ கொஞ்ச நேரம் நின்றாய். அப்புறம் போனாய். பைக்கை உதைத்துக் கிளப்பினது வரைக்கும் கேட்டது.

சாயங்காலம் கதவைத் திறந்து என்னைத் தூக்கினது நீதான். அதை மறக்கவில்லை. டாக்டர், "இன்னும் ஒரு ராத்திரி கிடந்திருந்தா அவ்வளவுதான்" என்றாராம். ஆனால் அந்தப் பகல் முழுக்கத் தரையில் கிடந்துகொண்டு ஒன்றையேதான் நினைத்தேன். வலி இல்லை நான் நினைத்தது. அவன் நின்றான், பேப்பரைப் பார்த்தான், தெரிந்தும் போனான் என்பதைத்தான்.

பந்தியில் நான் சொன்னதற்கு இதுதான் கூலி என்றால், சரி, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அதே வீட்டில் திரும்ப வந்து இருக்க என்னால் ஆகாது. அக்கா இங்கேயே இருக்கச் சொல்கிறாள். கீழ்வீட்டுக்கு யாரையாவது குடிவைக்கச் சொல்லியிருக்கிறேன். வருகிறவர்களிடம் உன் டப்பாவுக்கு அனுமதி கேட்டுக்கொள்.

அண்ணன்


ஆகஸ்ட் 25

அண்ணா,

ஆமாம். நின்றேன். பேப்பரையும் பார்த்தேன், பால் பாக்கெட்டையும் பார்த்தேன். நீ கூப்பிட்டது கேட்கவில்லை. கேட்டிருந்தால் போயிருக்க மாட்டேன், இதையாவது நம்பு. மற்றதை நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம்.

அந்த சாதனம் வெயிலைக் காட்டுவதற்காகச் செய்ததில்லை. வெயில் அடிக்கிறதா என்று பார்க்க ஜன்னல் போதாதா? திரையை அப்புறம் ஒட்டவைத்தேன், யாராவது கேட்டால் சொல்வதற்கு. எனக்குத் தேவைப்பட்டது அந்தப் பச்சை விளக்கு மட்டும்தான்.

அண்ணி காலமான பிறகு நீ கீழே தனியாக இருந்தாய். சண்டைக்குப் பிறகு நான் மேலே தனியாக இருந்தேன். உன்னோடு பேச்சு இல்லை. நீ எழுந்தாயா, சாப்பிட்டாயா, ஒன்றும் தெரியாது. காலையில் கீழே குழாய் திறக்கிற சத்தம் கேட்கிறதா என்று காதைத் தரையில் வைத்துப் படுத்துக்கொள்வேன். சில நாள் கேட்கும், சில நாள் மழைச் சத்தத்தில் கேட்காது. கேட்காத நாளில் வேலை ஓடாது. பாதி மாடியில் லிஃப்டை நிறுத்திவிட்டு, பக்கத்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, "எங்க அண்ணன் வாசல்ல பேப்பர் எடுத்துட்டாரா, கொஞ்சம் எட்டிப் பாருங்க" என்று கேட்டிருக்கிறேன். அவருக்கும் சலிப்பாகிவிட்டது.

அப்போதுதான் தோன்றியது. நீ ராத்திரி சுவிட்சை அணைப்பாய், காலையில் எழுந்ததும் போடுவாய். கிடங்கு எரிந்ததிலிருந்து இதில் ஒரு நாளும் தவறியதில்லை. உன் கூடத்துச் சுவிட்சுக்கும் எனக்கும் நடுவில் அந்த நெட் வயர் ஒன்றுதான் ஓடுகிறது. அதனால்தான் என் வீட்டுப் பிளக்கில் சொருகவில்லை. என் பிளக்கில் சொருகினால் எனக்கு உயிர் இருக்கிறது என்றுதான் காட்டும். உன் பிளக்கிலிருந்து வந்தால்தான் நீ எழுந்துவிட்டாய் என்று தெரியும். ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டது இதற்குத்தான்.

காலையில் கண் விழித்ததும் ஜன்னலைப் பார்ப்பேன். விளக்கு இருக்காது. பல்லைத் தேய்த்துக்கொண்டே பார்ப்பேன். டப்பென்று பச்சையாக வரும். சரி, எழுந்தாச்சு என்று காபி போடுவேன். அண்ணா, அந்த நேரத்துக்காகவே நான் காலையில் எழுந்தேன். என் மனைவி போன பிறகு அந்த வீட்டில் எனக்குக் காலை வணக்கம் சொன்னது அந்த விளக்கு ஒன்றுதான்.

பிறகு நீ பேட்டரி வாங்கினாய். எனக்காக, பெரிதாக. உன்னிடம் எப்படிச் சொல்வேன்? "அண்ணா, நீ செத்துட்டியா இருக்கியான்னு பாக்கத்தான் இதைச் செஞ்சேன்" என்று எழுதுவதா? பேசாத இரண்டு பேரில் முதலில் இளகினவன் நான்தான் என்று ஒத்துக்கொள்வதா? அதற்குத்தான் கை வரவில்லை. ஓய்வு வேண்டும் என்று எதையோ எழுதினேன். நீ பூட்டை மாற்றினாய்.

அதற்குப் பிறகு விளக்கு எப்போதும் எரிந்தது. எரிகிறது என்றால் ஒன்றும் அர்த்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், பார்க்கும்போதெல்லாம் மனசு பழைய பழக்கத்தில் நிம்மதியாகிவிடும். அன்று காலையும் எரிந்தது. இறங்கி வந்தேன். பேப்பர் கிடந்தது. தட்டலாமா என்று கையைத் தூக்கினேன். தட்டினால் நீ கதவைத் திறப்பாய், "என்ன?" என்பாய், நான் என்ன சொல்வது? மேலே விளக்கு எரிகிறதே, எழுந்திருப்பான், பேப்பர் எடுக்கத்தான் சோம்பல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். பேப்பர் ஒன்று சொன்னது, விளக்கு ஒன்று சொன்னது. எனக்கு வசதியானதை நம்பினேன்.

லிஃப்ட் மாட்டிக்கொண்டது என்று கூப்பிட்டால் எங்களுக்கு முதல் பாடமே ஒன்றுதான். மேலே எரிகிற விளக்கைப் பார்த்து உள்ளே ஆள் இருக்கிறாரா இல்லையா என்று முடிவு பண்ணாதே, கதவைத் தட்டு, "உள்ள யாரு?" என்று குரல் கொடு. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் இதை நானே அதட்டிச் சொல்வேன். சொந்த வீட்டு வாசலில் அதைச் செய்யவில்லை.

சாயங்காலம் வந்தபோதும் பேப்பர் அங்கேயே கிடந்தது. ஆனாலும் மேலே ஏறிப் போய் ஜன்னலைப் பார்த்தேன். எரிந்தது. காபிக்குத் தண்ணீர் வைத்தேன். கொதி வருவதற்குள் விளக்கு அணைந்தது. முந்தின ராத்திரி நீ அணைத்த சுவிட்சைக் காலையில் போடவே இல்லை, இவ்வளவு நேரம் எரிந்தது பேட்டரி என்று அப்போதுதான் உறைத்தது. அடுப்பை அணைத்தேனா இல்லையா என்றுகூட நினைவில்லை. உன் கதவை எப்படித் திறந்தேன் என்று கேட்டால், வருகிற வாரம் உனக்குப் புதுக் கதவு போட வேண்டும், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ஒன்று மட்டும் இன்னும் புரியவில்லை. பேட்டரி வருவதற்கு முன்னால், எனக்கு ராத்திரி டியூட்டி இருக்கிற நாளில் எல்லாம், எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். நான் படியேறி, பூட்ஸைக் கழற்றிய கொஞ்ச நேரத்தில் அணையும். தற்செயல் என்றுதான் நினைத்தேன். செய்தி பார்த்தேன் என்று நீ எழுதினாய். அந்த நேரத்தில் என்ன செய்தி?

கீழ்வீட்டில் வேறு யாரையும் வைக்காதே. அந்த வயரில் வேறு யார் வீட்டு மின்சாரம் ஏறி வந்தாலும் எனக்கு அது வெறும் பச்சை பல்புதான்.

தம்பி


செப்டம்பர் 1

தம்பி,

உன் கடிதத்தை அக்காதான் படித்துக் காட்டினாள். கண்ணாடி அவளிடம் இருந்த நேரம். காதைத் தரையில் வைத்துப் படுத்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டு மூக்கைச் சிந்தினாள். "நீயே படிச்சுக்கடா" என்று கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். மிச்சத்தை நானே படித்தேன். அப்புறம் முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தேன்.

என்னைப் பார்க்க ஆளே இல்லை என்று நினைத்துக்கொண்டு அந்தக் கூடத்தில் இருந்தேனடா. சுவிட்சைப் போடும்போதெல்லாம், நான் எழுந்தாலும் எழாவிட்டாலும் இந்த உலகத்தில் ஒரு பல்புகூட மாறாது என்று நினைப்பேன். மேலே ஒருத்தன் பல்லைத் தேய்த்துக்கொண்டு எனக்காக நின்றுகொண்டிருக்கிறான் என்று தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் சீக்கிரமே எழுந்திருப்பேன்.

செய்தியும் இல்லை, ஒன்றும் இல்லை. உன் பைக் சத்தம் கேட்காமல் நான் சுவிட்சை அணைத்ததே இல்லை. உயரத்தில் தொங்கிக்கொண்டு வேலை பார்க்கிறவன், வந்து சேர்ந்தானா என்று கேட்கவும் முடியாது. பூட்ஸ் இரண்டும் தரையில் விழுகிற சத்தம் மேலேயிருந்து கேட்கும். அதற்கப்புறம்தான் என் கை சுவிட்சுக்குப் போகும். பத்து மணி என்று எழுதியது சும்மா கெத்துக்கு.

பந்தியில் சொன்னது இப்போதாக இருந்தால், சொல்வதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பேன். நீ சொன்னதிலும் கொஞ்சம் நிஜம் இருந்தது. இத்தோடு விடு.

அக்காவிடம் கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். "இன்னும் ரெண்டு வாரம் இருந்துட்டுப் போடா" என்று கோபித்துக்கொண்டாள், பிறகு என் துணியை அவளே மடித்து வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்து என்னை அழைத்துக்கொண்டு போ. கார் பிடித்து வா, உன் பைக்கில் உட்கார இந்த இடுப்பு ஒத்துக்கொள்ளாது. கதவு போடுகிறவரிடம் குளியலறையில் ஒரு கைப்பிடியும் வைக்கச் சொல்.

அலமாரிச் சாவியை இதோடு வைத்திருக்கிறேன். நான் வருவதற்கு முன்னால் பேட்டரியைக் கழற்றிவிடு. தூக்கிப் போடாதே, நீ செய்கிற வேறு சாதனத்துக்கு வைத்துக்கொள், ஆசையாக வாங்கினது. வயரும் டப்பாவும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். நான் பழையபடி ராத்திரி அணைப்பேன், காலையில் போடுவேன்.

ஆனால் இனிமேல் விதிமுறை இது, ஒழுங்காகக் கேட்டுக்கொள். காலையில் விளக்கு எரியவில்லை என்றால் கதவை உடை. எரிந்தால் தட்டு.

அண்ணன்